குடுமியில் கிடைத்த மூக்கு

எங்கள் வீட்டு மரப்பாச்சி மாப்பிள்ளைக்கு மூஞ்சி கிடையாது. நாங்கள் தின்றுவிட்டோம்.

சும்மா சொல்லவில்லை. மரப்பாச்சி என்றால் செஞ்சந்தன மரத்தில் செதுக்கிய ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீரோடு கொடுத்து அனுப்புவார்கள். நவராத்திரி வந்தால் பட்டுக் கட்டிக் கொலுவின் மேல்படியில் நிற்க வைப்பார்கள். இந்த அந்தஸ்தெல்லாம் அந்த ஒன்பது நாளோடு சரி. மற்ற நாட்களில் மாப்பிள்ளை எங்கள் குடும்ப வைத்தியர். குழந்தைக்கு வயிறு உப்பினாலும், மாந்தம் என்று வீறிட்டாலும், மரப்பாச்சியைச் சந்தனக்கல்லில் பால் விட்டு உரசி நாக்கில் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். அதிலும் ஆணைத்தான் உரசவேண்டும். பெண்ணை உரசக்கூடாது, அவள் சுமங்கலி என்பாள் அம்மா. அவர் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டால் இவள் எப்படி சுமங்கலியாக இருப்பாள் என்று நான் ஒரு தரம் கேட்டு, முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

யார் யார் எதைத் தின்றோம் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். "நெத்தியை எங்க மாமா தின்னார். மூக்கை உங்கண்ணா தின்னான். உதட்டை நீ தின்னே, ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை. மோவாய் உன் தம்பி" என்பாள். தம்பிக்குப் பிறகு தின்ன ஒன்றுமில்லை. கழுத்துக்கு மேல் அவர் தேய்ந்த சோப்புத் துண்டாக இருந்தார். பக்கத்தில் அவர் பெண்டாட்டி மட்டும் மூக்கும் முழியுமாக, கொண்டையும் மாலையுமாக ஜம்மென்று நிற்பாள். இந்த லட்சணத்தில் வருஷா வருஷம் அவருக்கு ஜரிகை வேஷ்டி வேறு.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பம்பாய் மாட்டுங்காவில், கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். நான் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று பையன் கேசரியைத் தின்று முடித்து, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார். அவருடைய அம்மா முறைத்தார். முறைக்க முறைக்க இரண்டாவது தட்டையும் காலி செய்தார். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் தங்கள் அம்மா மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரே குடித்தார்கள். எனக்கு இவரைப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் முடிவு சொல்ல வேண்டியது அந்த அம்மாள். அவருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு: பழம்பொருள் பார்ப்பதில் புலி. புலி என்று பட்டம் கொடுத்தவரும் அவரேதான். நவராத்திரி வந்தால் செம்பூர், சயான், மாட்டுங்கா என்று வீடு வீடாகப் போய், சுண்டலை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையால் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். "இது போன வருஷத்து மால். நூறு வருஷம்னு சொல்லி உங்க தலையில கட்டிட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போன வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை நிச்சயம்.

அந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மாப்பிள்ளைப் பொம்மையின் தலைமேல் பெரிய மாலையாகப் போட்டு மறைத்திருந்தாள். வந்தவர் மாலையை ஒரு விரலால் தூக்கினார்.

"மாமி, தப்பா நெனச்சுக்காதேங்கோ. மூளியை வெச்சுண்டா கொலு வெக்கறேள்?"

அம்மா மாலையை மறுபடி கீழே இழுத்துவிட்டாள். அப்பா உள்ளேயிருந்து, "அதுக்கென்ன, கல்யாணத்துக்குள்ள கடையில புது ஜோடி வாங்கிட்டாப் போறது" என்று உதவிக்கு வந்தார். அதைவிட அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"புதுசு யார் வேணா வாங்கலாம். எங்காத்துக்கு வர்ற பொண்ணு பழைய ஜோடியோட வரணும். மூஞ்சியும் இருக்கணும். மூளியைச் சீரா வாங்கிண்டா எங்காத்துக்கு ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்கோ, தை மாசம் முகூர்த்தம் பாக்கலாம்."

சுண்டலையும் தேங்காயையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா கொலுவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போயும் போயும் ஒரு கட்டைக்கு மூக்கு இல்லை என்று எனக்குக் கல்யாணம் நிற்பதா?

எங்கள் தெரு முனையில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர். என் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டே நான் புலம்பியதைக் கேட்டார். தாராவியில் தன் ஊர் ஆசாரி ஒருவர் இருக்கிறார், மரத்தில் என்ன வேண்டுமானாலும் செதுக்குவார் என்று இடம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொம்மையை, மடித்துணி வைக்கும் மடிசஞ்சிப் பையில் சுற்றிக்கொண்டு, ரயில் பாலத்தைத் தாண்டி அம்மாவும் நானும் நடந்தோம். தோல் காயும் வாடை வரத் தொடங்கியதும் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடினாள். அப்புறம் வீடு திரும்பும்வரை எடுக்கவில்லை.

ஆசாரியின் பட்டறைக்குள் நுழைந்ததும் அம்மா ஓர் அடி பின்னால் வைத்தாள். சுவர் முழுக்கக் கால்கள். மரக்கால்கள். இடது ஒரு வரிசை, வலது ஒரு வரிசை, கயிற்றில் கோத்துத் தொங்கின. தோலைச் சுற்றி இழுத்து பூட்ஸ் தைப்பார்களே, அதற்கு உள்ளே வைக்கும் கட்டைகள்.

"ஊருல சொடலமாடனுக்கும் கருப்பனுக்கும் மரத்துல உருவம் வச்ச குடும்பம்மா நாங்க" என்றார் ஆசாரி. வாய் நிறைய வெற்றிலை, அதைவிட நிறையப் பெருமை. "இங்க பம்பாய்ல எவனுக்குச் சாமி வேணும்? காலுதான் வேணும். கொண்டாங்க, பாப்போம்."

அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "செருப்புக்கு வெச்ச உளியையா இதுல வெக்கப் போறேள்?"

"உளிக்கு என்னம்மா தெரியும்? செருப்பா சாமியான்னு அது கேக்கவா செய்யுது?"

நான் பையைப் பிடுங்கிக் கொடுத்தேன். அவர் பொம்மையை எடுத்து, வேஷ்டியை ஒரே உருவாக உருவினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆசாரி முன்னால் தடவிப் பார்த்தார், பின்னால் தடவிப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"முன்னால மரமே இல்ல. முழுசும் தின்னு தீத்துட்டிய. ஆனா பின்னால பாருங்க, எம்புட்டுப் பெரிய குடுமி! மூக்குக்கு மரம் கெடச்சாச்சு. மூஞ்சியப் பின்பக்கம் வச்சுருதேன். முதுகு நெஞ்சாயிரும், நெஞ்சு முதுகாயிரும். வேட்டி கட்டுனா எவனுக்குத் தெரியப் போவுது?"

"காலு?" என்றேன். முகம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நின்றால் கொலுவுக்கு வரும் குழந்தைகள் பேய் என்று அலறாதா?

"காலா? என்ட்ட வந்து காலப் பத்திக் கேக்கியளா?" என்று சுவரைக் காட்டினார்.

சொன்ன நாளில் போனோம். அவர் ஒரு துணியை விலக்கினார். அம்மா "ஐயோ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கு இருந்தது. எடுப்பான மூக்கு. இரண்டு கண்களும் பிதுங்கி எங்களை உருட்டி விழித்தன. மூக்குக்குக் கீழே, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும், முறுக்கிவிட்ட மீசை. எங்கள் வீட்டு வைத்தியர் அருவாள் மட்டும் இல்லாத காவல் தெய்வமாக நின்றார். குடுமியில் மூக்குக்குப் போக மிஞ்சியதையெல்லாம் ஆசாரி மீசைக்கே செலவு செய்திருந்தார்.

"இவன் ஆடு கேப்பான் போலிருக்கேடி! கோழி கேப்பான் போலிருக்கே! சுண்டலுக்கு அடங்குவானா இவன்?" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"மீசை இல்லாம ஆம்பளைக்கு மூஞ்சி வைக்க நம்ம கைக்குப் பழக்கமில்ல, பாத்துக்கிடுங்க."

"அதை மட்டும் வழிச்சுடுங்கோளேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மீசைய வழிச்சா ஒதடு போயிரும். ஒதடு போனா மூக்கு ஆட்டங்கண்டுரும். பொறவு வந்த மாதிரியே மொட்டையாத்தான் கொண்டுபோவணும். ஒங்க இஷ்டம்."

நான் காலைப் பார்த்தேன். வழவழவென்று, வளைவு வளைவாக, அளவெடுத்த மாதிரி அழகான கால்கள். ஒரு விரல்கூட இல்லை. கட்டை செய்து செய்து அந்த மனிதருக்கு மனுஷக் காலில் விரல் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. கேட்டதற்கு, "வேட்டிக்குள்ள விரல எண்ணவா போறாவ?" என்றார்.

அது மட்டுமா? புதிதாகச் செதுக்கிய இடம் ரத்தச் சிவப்பாக இருந்திருக்கும், பழைய மரமோ கறுப்பு. ஆனால் மூஞ்சி உடம்பின் நிறத்துக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. என்ன மாயம் என்று அம்மா முகர்ந்து பார்த்தாள். மூக்கை மூடியிருந்த தலைப்பைத் தாண்டி அவளுக்கே வாடை எட்டியது.

"பூட் பாலிஷ்" என்றார் ஆசாரி. "தோலுக்குப் போட்டா செருப்பு, மரத்துக்குப் போட்டா சாமி. மால் ஒண்ணுதான்."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சிவ சிவா என்றுகொண்டே வந்தாள். வீட்டில் மஞ்சள் நீரில் குளிப்பாட்டினாள், விபூதியில் புரட்டினாள், கற்பூரத்தோடு டிரங்குப் பெட்டியில் அடைத்தாள். எதற்கும் பாலிஷ் அசையவில்லை. கடைசியில் வேஷ்டியைக் கட்டி, அவிழாதபடி அதை ஊசி நூலால் தைத்தே விட்டாள். பழைய மொட்டை மூஞ்சி இப்போது பிடரியாகிவிட்டதால் அது தெரியாமல் ஒரு ஜரிகைத் தலைப்பாகையையும் வைத்துத் தைத்தாள்.

பரணில் மூஞ்சியோடு பழைய மாப்பிள்ளைப் பொம்மை ஒன்று கிடைத்தது என்று அப்பா செம்பூருக்குச் சொல்லி அனுப்ப, தை மாதம் முகூர்த்தம் வைத்தார்கள். சீர்த் தட்டுகள் வரிசையாக இருந்தன. அந்த அம்மாள் நேரே மரப்பாச்சியிடம் வந்தார். நான் கூறைப்புடவையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. அவர் பொம்மையைத் தூக்கினார். மூஞ்சியைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அடடா! எங்க ஒளிச்சு வெச்சிருந்தேள் இதை?" என்றார். "இந்த மீசையைப் பாருங்கோ. இது ராஜாக்கள் காலத்து வேலை. இந்த வாசனை இருக்கே, பழைய மரத்துக்குத்தான் வரும். புதுசுல வராது."

அம்மாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் புரை ஏறியது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

செம்பூரில் என் மாமியாருக்கு அந்தப் பொம்மையால் ஏக மவுசு. காலனிக்காரிகளை வரிசையாக அழைத்து வந்து முகரச் சொல்வார். அவர்களும் பக்தியோடு பூட் பாலிஷை முகர்ந்து தலையாட்டுவார்கள். நான் சமையலறையில் நின்று உதட்டைக் கடித்துக்கொள்வேன். சும்மா சொல்லக்கூடாது, மனுஷி என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் ஏமாந்தது தெரிந்தால் என்னையும் பொம்மையையும் ஒரே டாக்ஸியில் மாட்டுங்காவுக்கு அனுப்பிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பழம்பொருள் விஷயத்தில் அவருக்கு ஈவு இரக்கம் கிடையாது. என் கணவரிடம் சொல்லிவைத்தால் துணைக்கு இருப்பாரே என்று ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மாட்ட மாட்டிண்டா என்னைக் கூப்பிடாதே" என்றார். கேசரிக்கு இருந்த தைரியம் இதற்கு இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. கோடையில் ஒரு மத்தியானம், வயிறு கல்லாக உப்பி, காலை உதைத்துக்கொண்டு வீறிட்டது. மாமியார் சந்தனக்கல்லை எடுத்துவந்து வைத்தார். பால் விட்டார். அப்புறம் அலமாரியைத் திறந்து என் மரப்பாச்சியை எடுத்தார்.

"உங்காத்து மரப்பாச்சி இருக்கேம்மா" என்றேன்.

"எங்காத்துதை யாரும் உரசினதே இல்லைடி, அது காட்சிக்கு. உன்னுதுதான் ரொம்பப் பழசு, வீரியம் ஜாஸ்தி" என்றபடி பொம்மையின் மீசையைக் கல்லில் வைத்தார்.

ஒரு இழுப்பு. கல்லில் கன்னங்கரேலென்று ஒரு கோடு விழுந்தது. அதை விரலில் தொட்டு என் குழந்தையின் வாயருகே கொண்டு போனார்.

கல்யாணமாவது, மாமியாராவது, மண்ணாங்கட்டியாவது! "தொடாதேங்கோ! அது பூட் பாலிஷ்!" என்று கத்தினேன். காலனி முழுக்கக் கேட்டிருக்கும். அவர் விரல் அப்படியே நின்றது. நான் நிறுத்தவில்லை. யார் யார் எதைத் தின்றோம் என்பதில் தொடங்கி, ஆசாரி, குடுமி, மூக்கு, மீசை, செருப்புக் கட்டை, விரலில்லாத கால் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

மாமியார் கத்தரிக்கோலை எடுத்து வேஷ்டித் தையலைப் பிரித்தார். நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் முதுகும், அதற்குக் கீழே இருக்கக்கூடாத ஒன்றும் இருந்தன. அதை வெறித்துப் பார்த்தார்.

"பாலிஷா?" என்றார் மெதுவாக. "பழைய மர வாசனைன்னு செம்பூர் பூரா முகர வெச்சேனேடி, பாவி!"

குழந்தை மறுபடி வீறிட்டது. அவர் தலைப்பாகையையும் வெட்டினார். பின்னால் பழைய மொட்டை மூஞ்சி வழவழவென்று இருந்தது. கல்லை நன்றாகக் கழுவினார், புதுப் பால் விட்டார், அந்தப் பக்கத்தை வைத்து உரசினார். சிவப்பாக இறங்கியது. குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டி நக்கியது, கொஞ்ச நேரத்தில் வாயு பிரிந்து தூங்கிப்போனது. மரம் செய்ததா, பால் செய்ததா, பயம் செய்ததா, எனக்குத் தெரியாது.

"நவராத்திரி வரட்டும். உங்கம்மாவை வரச்சொல்லு. அவா முன்னாடி பேசிக்கறேன்" என்றார் மாமியார். அதற்கப்புறம் என்னோடு பேச்சு, உப்பு எடு, கதவைச் சாத்து என்கிற அளவில்தான்.

நான் சொல்லி அனுப்பியதும் அம்மாவுக்கு ஜுரமே வந்துவிட்டது. நவராத்திரி முதல் நாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கோர்ட்டுக்கு வருகிறவளாக வந்தாள். கூடம் நிறையக் காலனிக்காரிகள். கொலு திரையிட்டிருந்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியை எப்போது கட்டச் சொல்வார் என்று சுவரோரமாக நின்றேன்.

மாமியார் திரையை விலக்கினார். மேல்படியில், அவர் வீட்டு ஜோடிக்குப் பக்கத்தில், என் ஜோடி நின்றது. புதுப்பட்டு வேஷ்டி. ஆனால் மீசை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மொட்டை மூஞ்சியை முன்பக்கமாகத் திருப்பி, எல்லோரும் பார்க்கிற மாதிரி, மாலைகூடப் போடாமல் வைத்திருந்தார்.

"என்ன மாமி இது, மூளியா இருக்கே? நீங்களா இப்படி வெச்சேள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மூளியாவது? எங்காத்துக் கொழந்தைகள் தின்னதுடி அது. நெத்தி, மூக்கு, உதடு, மோவாய், ஒண்ணு விடலை. இப்போ இதோ இந்தக் குட்டியும் தின்னாச்சு" என்று என் இடுப்பிலிருந்த குழந்தையைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நிக்கறயே மசமசன்னு! உங்கம்மாவுக்குச் சுண்டல் குடு" என்றார்.

அவர் சொன்ன எங்காத்துக் குழந்தைகளில் உதட்டைத் தின்றது நான்.